ரைஸ் குக்கருக்குள் நான் முறுக்கிய கம்பி

என் அன்பு மகன் தம்பிக்கு,

போன வாரம் கல்யாண வேட்டியைக் கட்டிப் பார்த்துக்கொண்டு நின்றபோது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "ஒரு வருசமா முடியாது முடியாதுன்னு சொல்லிட்டு, ஒரே ஞாயித்துக்கிழமையில எப்படிப்பா சரின்னு சொன்னீங்க?" நான் வேட்டிக் கரையைச் சரிசெய்வதுபோலக் குனிந்து தப்பித்துக்கொண்டேன். பதில் தெரியாமல் இல்லை. அது நீளமான பதில், நடுவில் நான் வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்றும் இருக்கிறது. வாயால் சொன்னால் அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். உன் அம்மாவும் நீ கட்டிக்கொள்ளப்போகும் ரெஜினாவும் இதைப் படிப்பார்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ரெஜினாவிடம் அனுமதி கேட்டாயிற்று. "இவ்வளவு நாளா சொல்லலையா அங்கிள்?" என்று சிரித்தாள்.

முதலில் அந்த ரைஸ் குக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ ரெஜினாவை வீட்டுக்கு அழைத்து வருவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒருநாள் அது சூடாகாமல் நின்றுவிட்டது. வேறு வாங்கலாம் என்றாள் அம்மா. மலேசிய நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் நுட்பமான கருவிகளைக் கையாண்ட மனிதன் ஒரு சோற்றுப் பானையிடம் தோற்பதா என்று எனக்கு வீறாப்பு. கவிழ்த்து வைத்து அடித்தகட்டைக் கழற்றினேன். சூடாகும் தட்டுக்குப் பக்கத்தில், வெள்ளை நார்க்குழாய் ஒன்றுக்குள், பென்சில் முனையளவு தடிமனில் ஒரு சின்ன உருளை இருந்தது. ஈப்போவில் மின்சாமான் கடை வைத்திருக்கும் சீனரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இது தெர்மல் ஃபியூஸ் அங்கிள், செத்துப்போச்சு," என்று அதேபோல வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். நமக்குத் தெரிந்த ஃபியூஸ் மின்சாரம் அதிகமாக ஓடினால் போகும். இது அப்படியில்லை. சூடு ஓர் அளவைத் தாண்டினால் போகும், போனால் போனதுதான், மறுபடி உயிர் வராது. அந்த உருளையின் உடம்பிலேயே எத்தனை டிகிரிக்கு அது போகும் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து, சோல்டரிங் கோலைச் சூடாக்கி, ஈயம் உருக்கி, இரண்டு பக்கமும் அழகாகப் பற்றவைத்தேன். சுவிட்சைப் போட்டால் விளக்குகூட எரியவில்லை. கடைக்காரர் பழசைக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். திரும்பப் போய் இன்னொன்று வாங்கினேன், இன்னும் அழகாகப் பற்றவைத்தேன். அதுவும் எரியவில்லை. இந்தச் சாமானே ஏமாற்று வேலை என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த உருளை இருந்த இடத்தில் ஒரு துண்டுச் செம்புக் கம்பியை வைத்து, இரண்டு முனையையும் முறுக்கி, மேலே மஞ்சள் டேப்பைச் சுற்றினேன். குக்கர் உடனே வேலை செய்தது. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நான் எப்படி மார்தட்டினேன் என்று உனக்கு நினைவிருக்கும். "முந்தியைவிடக் கெதியா வேகுது பாருங்கோ," என்று அம்மாவிடம் சொன்னேன். நீயும் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாய்.

இனி அந்தச் சனிக்கிழமை. ரெஜினா முதல் தடவையாக நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதை நீ பார்த்தாய். தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையில் என்ன வேலை என்று மட்டும் கேட்டேன். வண்டிக்குள் போகும் மின்கம்பி வேலைகளைச் சோதிப்பது என்றாள். "ஓ," என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். அதற்கு முன்பே அடுப்படியில் நான் அம்மாவிடம் "தோட்டத்து ஆக்கள், அதிலையும் வேதக்காரர்" என்று சொன்னது உன் காதில் விழுந்திருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். தம்பி, வேலைக் காலத்தில் நான் எத்தனையோ ரப்பர்த் தோட்டங்களை அளந்து துண்டு போட்டிருக்கிறேன். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகள் எனக்கு வரைபடத்தில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்னக் கட்டங்கள். அவற்றின் பக்கத்தில் 'அகற்றப்படும்' என்று எழுதுவது என் வேலை. அந்தக் கட்டங்களுக்குள் இருந்தவர்களோடு உட்கார்ந்து ஒரு வாய் தேநீர்கூட நான் குடித்ததில்லை. குடிக்காமலேயே அவர்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

தயிர் போதாது என்று அம்மா உன்னைக் கடைக்கு அனுப்பினாள். பூக்கட்ட வரும் பெண் வாசலில் கூப்பிட, அம்மா அங்கே போனாள். போகும்போது, "சோறு பொங்குதோ எண்டு ஒருக்கால் பாருங்கோ," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் அடுப்படிக்குள் நுழைந்தபோது ஒரு நாற்றம். சோறு கருகும் நாற்றம் அல்ல, அதைவிடக் காரமான பிளாஸ்டிக் நாற்றம். குக்கரின் அடியிலிருந்து மெல்லிய புகை கிளம்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் என்ன செய்வது என்று தெரியாமல் கையை நீட்டினேன்.

"அங்கிள், கைய வைக்காதீங்க!"

கை கழுவ வந்த ரெஜினா வாசற்படியில் நின்றாள். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை அவள். "மெயின் எங்க இருக்கு?" என்றாள். பின்கதவுக்கு மேலே காட்டினேன். நாற்காலியில் ஏறி முழு வீட்டு மின்சாரத்தையும் நிறுத்தினாள். பிறகு உலர்ந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பிளக்கை இழுத்தாள். பிளக் முனை இளகிச் சுவரோடு ஒட்டத் தொடங்கியிருந்தது. இருவருமாகக் குக்கரைத் துணியில் ஏந்திப் பின்வாசல் சிமெந்துத் தரையில் கொண்டுபோய் வைத்தோம். அது நின்ற பலகைத் தட்டில் வட்டமாகக் கரி. அதற்கு ஒரு சாண் மேலேதான் அம்மாவின் சன்னல் திரை தொங்கிக்கொண்டிருந்தது.

சூடு தணிந்ததும் அவள் ஸ்க்ரூடிரைவர் கேட்டாள். பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் குந்தி, குக்கரின் அடித்தகட்டைக் கழற்றினாள். கஞ்சி வழிந்து காய்ந்து, சுவிட்சின் நெம்புகோலை அப்படியே ஒட்டிப் பிடித்திருந்தது. தண்ணீர் வற்றியதும் மேலே எழும்ப வேண்டிய நெம்புகோல் எழும்பவில்லை, தட்டு சூடாகிக்கொண்டே போயிருக்கிறது. "இப்படி ஆனா கட் பண்றதுக்குத்தான் உள்ள ஒரு ஃபியூஸ் இருக்கும் அங்கிள்," என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அந்தக் கம்பியைக் கண்டுவிட்டாள்.

"இது யாரு போட்டது?"

தம்பி, நான் வெட்கப்பட வேண்டிய இடம் என்று சொன்னேனே, இதுதான். அறுபத்திரண்டு வயது மனிதன், திருநீறு பூசிய நெற்றியோடு நின்றுகொண்டு, "கடையில குடுத்துத் திருத்தினது பிள்ளை," என்றேன்.

அவள் அந்த மஞ்சள் டேப்பைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். முகத்தை அல்ல, என் மூக்குக்கண்ணாடியை. அதன் வலது கால் உடைந்து ஒரு மாதமாக அதே மஞ்சள் டேப்பில்தான் நின்றுகொண்டிருந்தது. அவள் மறுபடி குனிந்துகொண்டாள். "கடைக்காரங்க சில நேரம் அவசரத்துல இப்படிச் செஞ்சிருவாங்க அங்கிள்," என்றாள். அவ்வளவுதான். அதற்குள் அம்மா ஓடி வந்தாள். "ஏனப்பா வீடு முழுக்க இப்பிடி மணக்குது? கரண்டும் இல்லை!" நான் வாயைத் திறப்பதற்குள் ரெஜினா, "சுவிட்ச் ஒட்டிக்கிச்சு ஆண்டி. பழைய குக்கர்லா, பரவாயில்ல," என்று நம் ஊர் 'லா' போட்டுச் சொன்னாள்.

நீ தயிரோடு வந்தாய், ரொட்டி சானாய் வாங்க உடனே திருப்பி அனுப்பப்பட்டாய். மீன் குழம்பையும் கத்தரிக்காய்ப் பால்கறியையும் ரொட்டியில் தோய்த்துத் தின்றோம். "இது நல்லாத்தான் இருக்கு," என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். நான் தட்டையே பார்த்துக்கொண்டு தின்றதற்கு நீ வேறு காரணம் நினைத்திருப்பாய். என் மானத்தைக் காப்பாற்ற அந்தப் பெண்ணுக்கு ஒரு காரணமும் கிடையாது. என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அன்றைக்கே அம்மாவும் நீயும் அவள் பக்கம் நின்றிருப்பீர்கள்.

சாப்பிட்ட பிறகு நீ காரைத் திருப்பப் போன நேரத்தில், நான் அவளிடம் போய், "அந்தக் கம்பி போட்டது நான்தான்," என்றேன்.

"தெரியும் அங்கிள். கண்ணாடி," என்று தன் காதோரத்தைத் தொட்டுக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "இனிமே அப்படிப் போடாதீங்க அங்கிள். நீங்க வெளிய போயிடுவீங்க. ஆண்டிதான் இங்க தனியா நின்னு சமைக்கிறாங்க."

உன் அம்மாவின் சன்னல் திரை என் கண்ணில் வந்து நின்றது. வீறாப்பில் நான் எதை வைத்து விளையாடியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

மேசை இழுப்பறையில் போட்டுவைத்திருந்த, நான் பற்றவைத்துக் கெடுத்த இரண்டு ஃபியூஸ்களையும் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் குறடால் ஒன்றை உடைத்துக் காட்டினாள். உள்ளே மயிரிழை போன்ற ஒரு ஸ்பிரிங். அதைச் சின்ன மாத்திரை போன்ற ஒரு துண்டு அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்குமாம். குறித்த சூட்டில் அந்த மாத்திரை உருகும், ஸ்பிரிங் விடுபடும், இணைப்பு விலகிவிடும். "கடைக்காரர் நல்ல ஃபியூஸ்தான் குடுத்திருக்காரு. சோல்டரிங் சூட்டுல நீங்களே ரெண்டையும் கொன்னுட்டீங்க," என்றாள். ஈயம் வைக்கக் கூடாதாம். சின்ன உலோகக் குழாய்த் துண்டுக்குள் கம்பிகளை நுழைத்துக் குறடால் நசுக்கி இணைக்க வேண்டுமாம். அதைவிட முக்கியமாக ஒன்று சொன்னாள். ஃபியூஸ் போனால் முதலில் வேறு ஃபியூஸ் தேடாமல், அது ஏன் போனது என்று தேட வேண்டும். என் குக்கரில் கஞ்சி அப்போதே ஒட்டத் தொடங்கியிருக்கும். அந்த முதல் ஃபியூஸ் அதற்காகத்தான் உயிரை விட்டிருக்கிறது. நான் அதைத் தூக்கியெறிந்துவிட்டுக் கம்பி போட்டேன்.

"மகனிட்ட சொல்லுவீரோ?" என்று கேட்டேன். "அத நீங்களே சொல்லுங்க, எப்ப தோணுதோ அப்ப," என்று காரில் ஏறிவிட்டாள். அன்று மாலையே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. குக்கரைத் தானே தூக்கிக் குப்பையில் வைத்துவிட்டு, ஒரு வாரம் பானையில் சோறு வடித்தாள். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தம்பி, கல்யாணமாகிப் போகிறவனுக்கு அனுபவத்தில் சொல்கிறேன்: தப்புச் செய்தால் அடுத்த மூச்சிலேயே சொல்லிவிடு. அரை நாள்கூட வைத்திருக்காதே.

அவ்வளவு நடந்தும் நான் உடனே சம்மதிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மனம் இளகிவிட்டது, வாய் இளகவில்லை. மூன்று வாரம் கழித்து அம்மாதான், "நீங்கள் வாறியளோ, நான் தனியப் போகட்டோ?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை, உனக்கு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை. நாங்கள் இருவரும் கோலா கங்சாருக்குப் பக்கத்தில் ரெஜினாவின் பெற்றோர் இருக்கும் தாமான் குடியிருப்புக்குப் புறப்பட்டோம். முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடம், இப்போது வரிசை வீடுகள். என்ன பேசுவது, எப்படி ஆரம்பிப்பது என்று வழி முழுக்க வாய்க்குள் ஒத்திகை பார்த்தேன். 'இதுவரை நடந்ததை மனசில வைக்காமல்' என்று ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

போய்ச் சேர்ந்தால் வீட்டில் யாருமில்லை. பக்கத்து வீட்டுப் பெண், எல்லாரும் தேவாலய மண்டபத்தில் இருக்கிறார்கள் என்றாள். அங்கே ரெஜினாவின் அப்பா அந்தோணி, பள்ளி பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், சட்டைக் கையை மடித்துவிட்டு வியர்வையோடு நின்றார். "வாங்க சார், வாங்கம்மா, இன்னைக்குன்னு பார்த்து இப்படி ஆகிப்போச்சு," என்று கையைப் பிசைந்தார். பூசை முடிந்து நூறு பேர் தேநீருக்கு வரப்போகிறார்கள். தண்ணீர் கொதிக்கவைக்கும் பெரிய மின் கொதிகலன் வேலை செய்யவில்லை. ரெஜினாவுக்கோ அன்று தொழிற்சாலையில் வேலை முறை.

"நான் பாக்கட்டோ?" என்றேன். என் வாய்தான் சொன்னது.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "நீங்கள் தொடாதேங்கோ!"

பிளக்கை இழுத்துக் கவிழ்த்து வைத்தேன். கழற்றுவதற்கு முன், 'ஏன் போனது' என்று கேட்க நினைவு வந்தது. "தண்ணி ஊத்தாமல் யாராவது சுவிட்சைப் போட்டவையோ?" என்றேன். அந்தோணி உடனே கையைத் தூக்கினார். "நான்தான் சார். பேசிக்கிட்டே போட்டுட்டேன்." அத்தனை பேர் முன்னிலையில், ஒரு நொடிகூட யோசிக்காமல். நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு ஏன் என்று புரிந்திருக்காது.

கழற்றிப் பார்த்தால் அதே சின்ன உருளை, கொதிகலனின் வயிற்றோடு ஒட்டினாற்போல. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் கடை ஒன்று பட்டணத்தில் உண்டு என்று அந்தோணி தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டார். போகும்போது, "இங்கதான் சார் எங்க லயம் இருந்துச்சு," என்று ஒரு விளையாட்டுத் திடலைக் காட்டினார். அந்த இடத்தை நான் உடனே அடையாளம் கண்டேன். அந்த வளைவு, அந்தச் சிற்றோடை. "இந்தத் தோட்டத்தை அளந்தது நான்தான்," என்றேன். இந்தத் தடவை உடனே சொல்லிவிட்டேன். அவர் பிரேக்கை மிதித்தார். "நீங்கதானா? உங்க ஆளுங்க எங்க வாழக் கொல்லையில முளை அடிச்சிட்டுப் போவாங்க. மறுநாளே காணாமப் போயிரும், ஞாபகம் இருக்கா?"

நன்றாக ஞாபகம் இருந்தது. எல்லை குறிக்க அடித்த மரமுளை மூன்று தடவை காணாமல் போனது. மாடு மிதித்திருக்கும் என்று அறிக்கையில் எழுதியிருந்தேன்.

"மாடு இல்ல சார், எங்க அக்கா! பிடுங்கி அடுப்புல வச்சிருச்சு!" என்று ஸ்டியரிங்கில் அடித்துச் சிரித்தார். சாலையோரத்தில் காரை நிறுத்தி, இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

கடையில் பழைய ஃபியூஸில் இருந்த அதே டிகிரி, அதே ஆம்பியர் எண்களைப் படித்துப் படித்துப் பார்த்து வாங்கினேன். இணைக்கும் குழாய்த் துண்டுகளும் வாங்கினேன். மண்டபத் தரையில் படுத்துக்கொண்டு வேலை செய்தேன். அந்தோணி டார்ச் பிடித்தார். சூட்டை உணர வேண்டிய சாமான் காற்றில் தொங்கக் கூடாது என்று, பழையது இருந்த அதே இடத்தில் கொதிகலன் உடம்போடு ஒட்டவைத்து, தாங்கும் பிடியை இறுக்கினேன். தண்ணீர் நிரப்பிய பிறகு அந்தோணியையே சுவிட்சைப் போடச் சொன்னேன். சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் முணுமுணுக்கத் தொடங்கியது. பூசை முடிந்து வந்த பெண்கள் கை தட்டினார்கள். உன் அம்மா, கொதிகலனை அல்ல, பிளக்கைத் தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா, சட்டையெல்லாம் தூசியும் நெற்றியில் திருநீறுமாகத் தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "யாரு அந்தோணி இவரு? புதுசா இருக்கு?" என்று கேட்டார்.

நான் தயார் செய்துவைத்திருந்த வாக்கியம் அப்போதும் என்னிடம் இருந்தது. எழுந்து நின்று, தொண்டையைச் செருமி அதைச் சொல்லத்தான் போனேன். அதற்குள் காலையிலிருந்து என்னை 'சார், சார்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மனிதர், என் தோளில் கையைப் போட்டு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"தெரியாதா? நம்ம சம்பந்திலா!"

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தோணியின் மனைவி கையிலிருந்த கோப்பையோடு அப்படியே நின்றார். அந்தோணிக்குத் தன் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். தோளில் இருந்த கை மெல்லக் கனமிழந்தது. எல்லாரும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்கள்.

"சம்பந்திக்குத் தேத்தண்ணி ஒண்டும் தரமாட்டியளோ?" என்றேன்.

இதுதான், தம்பி, நான் சம்மதம் சொன்ன கதை. சீனி தூக்கலாகத்தான் இருந்தது. மூன்று கோப்பை குடித்தேன்.

அப்பா